மூக்கு உறை

அன்று காலை பலீலும் ஸுபைதாவும் சேர்ந்து செய்த கடைசி வேலை ஒரு உறையை மடித்ததுதான். விமானத்தின் மூக்கை மழைக்கு மூடி வைக்கும் கன்வஸ் உறை. அளவு பார்க்க மாதிரிக்கென்று முதலில் தைத்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, கிட்ட வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். கைகள் முட்டினால் பலீலுக்குச் சும்மா இருக்க முடியாது.

"கல்யாணத்தன்னைக்குக் கூட நீ இவ்வளவு கிட்ட வரல்லியே புள்ள."

"பேசாம நேரா மடிங்க. கோணுது."

கடைசி முனையை உள்ளே செருகிவிட்டு அவர் கலேவெலைக்குப் புறப்பட்டார். லொறிக்கார நுஹ்மானிடம், இனி லொறிச் சரக்கை மூடும் படங்கு தைக்க நேரமில்லை என்று நேரில் சொல்லிவிட்டுப் பகல் சோற்றுக்கு வருவதாகப் பேச்சு. போகும் வழியில் பலாபத்வலையில், பஸ்ஸுக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அஸர் பாங்குக்கு முன் ஜனாஸாதான் வீட்டுக்கு வந்தது.

எழுபத்தோராம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு, பட்டாள விமானங்களைப் பராமரிக்கும் கொழும்புக் கம்பனியொன்று மாத்தளைக்கே வந்து பலீலைப் பிடித்திருந்தது. மூக்கு உறைகளுக்கு ஒரு ஓடர் முடியுமுன் அடுத்தது வந்தது. தைக்க வேண்டியது மலையாகக் குவிந்தது. வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கன்வஸ் கண்ட இடத்தில் வாங்கிவிட வேண்டுமென்று வீட்டை ஈடு வைத்தார். வாங்கியதை ஒரேயடியாக வெட்டியும் விட்டார். படங்குக்காரர் வழக்கம் அது. ஒரே விரிப்பில் வெட்டினால் துண்டு வீணாகாது. ஒரு லொறிக்காரன் வேண்டாமென்றால் இன்னொருவன் வாங்குவான். விமான மூக்குக்கு அப்படி இன்னொருவன் இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. குவிந்த வேலையை அல்லாஹ் தந்த பரக்கத்து என்றுதான் நினைத்தார்கள்.

புருஷன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஸுபைதா இருந்தபோது பலீலின் தம்பி இத்ரூஸ் வந்து திரைக்கு வெளியே நின்றான்.

"மதினி, கம்பனிக்காரங்க ஆள் அனுப்பியிருந்தாங்க. அந்தப் பழைய பிளேனையெல்லாம் ஒதுக்கிட்டாங்களாம். உறை தேவையில்லையாம்."

"வெட்டினதுக்கு?"

"தைச்சுக் குடுத்ததுக்கு மட்டுந்தான் காசாம்."

ஸுபைதா மூலையில் குவிந்திருந்த வெட்டுத் துண்டுகளைத் திரும்பிப் பார்த்தாள். வீடு போனால் எங்கே போவது? பிள்ளைகளும் இல்லை. இத்ரூஸ் செருப்பை மாட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

வெளியே போகக் கூடாத அந்த மாதங்களில் அறை முழுக்கத் துண்டுகளைப் பரப்பினாள். ஒரு பக்கம் குறுகிக்கொண்டே போகும் துண்டுகள். ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றதன் பக்கத்தில் வைத்தபோது சரிவும் சரிவும் பொருந்தி நேர்ச் சதுரம் வந்தது. உடனே நிமிர்ந்து, "இங்க பாருங்க" என்றாள். பலீல் உட்காரும் இடத்தில் தையல் மிஷின்தான் இருந்தது.

இத்தா முடிந்ததும் நுஹ்மானுக்குச் சொல்லியனுப்பினாள். அவர் வந்து, அவள் அந்தத் துண்டுகளை இணைத்துத் தைத்த படங்கைப் புரட்டிப் பார்த்தார். நடுவில் சாய்வாக ஓடிய இரட்டைத் தையலைத் தடவினார்.

"இதைப் போட்டா லொறி பறந்திடாதே, ராத்தா?"

"பூசணிக்காய் ஏத்துங்க. பறக்காது."

அவர் சிரித்துவிட்டார். பிறகு தம்புள்ளைப் பக்கத்து லொறிக்காரர்களையும் கூட்டிவந்தார். கன்வஸ் கிடைக்காத காலமாகையால் சாய்வுத் தையலை யாரும் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு படங்காக விற்றுப்போனது. ஈடு ஏறக்குறைய மீண்டது.

"அந்த மாதிரி உறையையும் பிரிச்சா இன்னொரு படங்குக்குத் துணி காணும் மதினி. இந்த மாசமே ஈடு வச்ச வீட்டு உறுதி கைக்கு வந்திடும்" என்றான் இத்ரூஸ்.

"இல்ல தம்பி. நான் கிழிசல் தைச்சுக் கட்டிக்கிறேன்."

அடுத்த நோன்பு வரைக்கும் ஊர்க் கிழிசலெல்லாம் தைத்து மீதியைக் கட்டி முடித்தாள். பெரிய படங்குகளைத் தனியாகத்தான் மடித்தாள். ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு வருவாள். எப்படி மடித்தாலும் கோணும்.

மூக்கு உறை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பலீல் செருகிய முனை உள்ளேயே இருக்கிறது.