ரைஸ்மில் ஓடும்போது போட வேண்டிய தட்டு

என் கணவர் கித்தார் வாசித்துப் பாடுவார். பினாங்கிலேயே தங்கிவிட்ட ஒரு செட்டியாரின் காரைக்குடி வீட்டுக் கார் ஷெட்டில், 1964இல், அவரும் டிரம்ஸ் அடிக்கிற நாகநாதன் அண்ணனும் இன்னொரு கித்தாருக்கு ஆசைத்தம்பியும் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். பெயர் ‘ஷெட் பாய்ஸ்’. கொஞ்ச காலம் கல்யாண வீடுகளில் வாசித்தார்கள். பிறகு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள்.

1975இல் அவருக்கு நெஞ்சில் நோய் வந்தது. குரல் மெலிந்துகொண்டே போனது.

“குரல் இருக்கிறப்பவே ஒரு இசைத்தட்டு போட்ரணும்” என்றார்.

மற்ற இருவரும் லீவு போட்டு வந்தார்கள். மூவருக்கும் நரைத்திருந்தது. குழுவின் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை.

வெந்நீர் பிளாஸ்குடன் நானும் மதராஸுக்குப் போனேன். ஸ்டூடியோவில் முதல் பாட்டு முடிந்ததும் இன்ஜினியர் கேட்டார்: “சார், வீட்ல யாராவது தவறிட்டாங்களா? ஏன் இவ்வளவு மெதுவா?”

“இங்கிலீஷ்காரன் தட்டைக் கேட்டுத்தான்யா படிச்சோம்” என்றார் நாகநாதன் அண்ணன்.

அவர் சொன்ன தட்டு அங்கேயே இருந்தது. இன்ஜினியர் போட்டுக் காட்டினார்.

“இது வேற பாட்டு” என்றார் ஆசைத்தம்பி.

ஷெட்டில் அவர்கள் கேட்டுப் படித்த அதே பாட்டுதான். ஷெட்டுக்குப் பின்னால் ரைஸ்மில். சாயங்காலம் மில் ஓட ஆரம்பித்தால் கரண்டை அது இழுத்துக்கொள்ளும்; தெருவெல்லாம் பல்பு மங்கிவிடும். ஷெட்டு ரிக்கார்டு பிளேயரில் தட்டும் மெதுவாகச் சுற்றும். இவர்கள் கூடியதும் அந்த நேரத்தில்தான். மில்லின் வேகத்தை இங்கிலாந்தின் வேகம் என்று நினைத்திருக்கிறார்கள்.

இன்ஜினியர் விரட்ட விரட்ட, தங்கள் சொந்தப் பாட்டுகள் எட்டையும் வேகமாகவே பாடி முடித்தார்கள்.

தட்டு வீட்டுக்கு வந்தது ஒரு மத்தியானம். ஷெட்டில் இருந்த அதே ரிக்கார்டு பிளேயரில் போட்டோம்.

“யாருடி இவன், ரயிலைப் பிடிக்கப் போறவன் மாதிரி?”

“நீங்கதான்.”

எடுத்து உறையில் போட்டுவிட்டார். அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சாயங்காலம் வந்த நாகநாதன் அண்ணன் யாரையும் கேட்காமல் அதை எடுத்துப் போட்டார். நாங்கள் குடியிருந்ததும் மில் தெருவில்தான். மில் ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு நிதானப்பட்டது. குரல் இறங்கிக் கனத்தது. நோய்க்கு முன்னால் இருந்த குரல்.

“இப்ப நான்தான்” என்றார் அவர்.

“அட்டையில மில்லுக்காரன் பேரையும் போட்டிருக்கணும்டா” என்றார் அண்ணன்.

தை மாதம் என் கணவர் போய்விட்டார்.

அடுத்த வருடம், தெருவுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வேண்டுமென்று மனுவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் தேனப்பன் வந்தார்.

“சாயங்காலமானா உங்க வீட்லயும் பல்பு அழுதுவடியுதே, எப்படித்தான் இருக்கீகளோ! ஒரு கையெழுத்துப் போடுங்கக்கா.”

“எங்களுக்கு இது போதும் தம்பி” என்றேன்.

தெருவில் கையெழுத்துப் போடாதது எங்கள் வீடு மட்டும்தான்.