கட்டைவிரலோடு சேர்த்து அளந்த மீன்

1.
இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது அக்காவின் கட்டைவிரலிலிருந்து வந்தது.

2.
'மீன் பண்ணையில் அன்று காலை…' (வேண்டாம். கவிச்சி அடித்ததும் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.)

நேராகவே சொல்கிறேன். அக்காவும் அத்தானும் ஒரே மீன் பண்ணையில் வேலை பார்த்தார்கள். எந்த மீனை இனப்பெருக்கத்துக்கு வைப்பது என்று முடிவு செய்ய, ஒவ்வொன்றையும் அளக்க வேண்டும். அக்கா மீனை வெள்ளைத் தட்டில் கிடத்தி, வால் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வாள். மேலிருக்கும் கேமரா படமெடுக்கும். அத்தான் அந்தப் படங்களில் மீனைச் சுற்றிக் கோடு வரைந்து, இதுதான் மீன் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு அதுவே அளக்கத் தொடங்கியது.

"என்னையும் சேத்துப் படம் பிடிக்கிறீங்கன்னு சொல்லியிருந்தா, நகப்பூச்சு ஒழுங்கா போட்டுட்டு வந்திருப்பேன்ல?" என்பாள் அக்கா.

3.
அக்கா இறந்துபோனாள். (வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன். எல்லாமே பொய்யாக இருந்தது.)

அவள் விரல் இருந்த இடத்தில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். அதோடு கணினியின் கணக்கில் மீன்களெல்லாம் குட்டையாகிவிட்டன.

"என்னய்யா, நம்ம மீனு வளருதா, தேயுதா?" என்று கத்தினார் மேலாளர். அத்தனையையும் சந்தைக்கு அனுப்பிவிடச் சொன்னார். அவை அக்கா பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய தாய்மீன்களின் குஞ்சுகள்.

அத்தான் பழைய படங்களைத் திறந்தார். விரலையும் வாலோடு சேர்த்தே கோடு வரைந்திருந்தார், எல்லாப் படத்திலும். இத்தனை நாளும் அக்காவின் விரல் நீளமும் மீனின் கணக்கில் ஏறியிருந்தது.

"பழகின கைம்மா. தனியாத் தெரியல," என்றார் என்னிடம்.

(இங்கே முதலில் அத்தானை அழவைத்திருந்தேன். உண்மையில் அவர் கண்ணாடியைத் துடைத்தார். அழுதது நான்.)

4.
விரலை விட்டுவிட்டுக் கோட்டைத் திருத்தினால் பழைய அளவுகளும் சரியாகும், இப்போதைய மீன்கள் குட்டையில்லை என்று தெரியும், அவை பிழைக்கும். படங்கள் பத்திரமாகத்தானே இருக்கும் என்பீர்கள். இருக்கும். ஆனால் வங்கி, ஆஸ்பத்திரி, வாக்காளர் பட்டியல் என்று எல்லா இடத்திலும் அவள் பெயரை அடித்தாயிற்று. அவளை இன்னும் கணக்கில் சேர்த்துக்கொள்வது அந்தக் கணினி மட்டும்தான்.

அத்தான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்து, கடைசிப் படத்தில் நின்றுவிட்டார். நோயோடு வேலைக்கு வந்த நாள் அது. நகத்தில் பூச்சு இல்லை. இதையும் முடித்தால்தான் கணினி மறுபடி கற்கத் தொடங்கும். நாளை லாரி வந்துவிடும்.

"நீயே பண்ணிடும்மா. என்னால ஆகல." மௌஸை என் பக்கம் நகர்த்தினார்.

5.
முதல் முடிவு: நான் கோட்டைத் திருத்துகிறேன். மீன்கள்

இரண்டாவது: லாரி வருகிறது, நாங்கள்

இல்லை. எனக்கும் அது தனியாகத் தெரியவில்லை. நீங்கள் அவளைப் பார்த்ததே இல்லை, உங்களால் முடியும். மௌஸை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன்.