அக்கரை ஊருக்கு அம்மா பேசியது

கடலோரமாகவே ஊர் விட்டு ஊர் நடந்து போகிற விடுமுறை அது. காலையில் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு பாறை மேட்டுப் பாதையில் இறங்கினால், சாயங்காலம் அடுத்த ஊர். ஊர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கரையில் கவிழ்த்துப் போட்ட படகுகள், ஒரு டீக்கடை, தங்குவதற்கு மாடியில் ஓர் அறை.

"நடக்கிறதுக்கா லீவு போட்டீங்க? நம்ம தெருவைச் சுத்தியிருந்தா சும்மாவே முடிஞ்சிருக்குமே" என்று முதல் நாளே அவன் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை. வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட், குடியேற்ற அலுவலகத்தில் கிடந்தது. அது கைக்கு வரும்வரை, பிழைக்க வந்த இந்த நாட்டை விட்டு நகர முடியாது. சொந்த ஊரில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போவதற்காகச் சேர்த்து வைத்த லீவு, இப்படிக் கடற்காற்றோடு போயிற்று.

கிளம்பும் முன் அம்மா போனில் பாதை முழுவதையும் துருவித் துருவிக் கேட்டாள். எந்த ஊருக்கு அப்புறம் எந்த ஊர், மேடா, பள்ளமா, எங்கே படகு ஏற வேண்டும், எல்லாம்.

"வழியில சிக்னல் இருக்காதும்மா. ஊருக்குள்ள போனாத்தான்."

"அப்போ நான் பேசி அனுப்புறேன், போய்ச் சேர்ந்ததும் கேட்டுக்கோ. நடக்கிறப்ப போனைப் பாத்துக்கிட்டே போய்ப் பள்ளத்துல விழுந்து வைக்காதே."

சொன்னபடியே முதல் ஊரில், அம்மாவோடு இருக்கும் அக்காவின் போனிலிருந்து அம்மாவின் குரல் பதிவாகி வந்து காத்திருந்தது.

"என்னடா சின்னவனே, கால் கொப்புளிச்சிருக்குமே? புது ஷூ போட்டு நடக்காதேன்னு சொன்னா கேப்பியா? எண்ணெய் தடவிட்டுப் படு."

கொப்புளம் வந்துதான் இருந்தது. "எப்படித் தெரிஞ்சுது இவங்களுக்கு?" என்று அவன் வியந்தான்.

"பெத்தவங்களுக்கு முதுகுலயும் கண்ணு" என்று சொல்லிவிட்டு மனைவி குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவிழ்த்த கயிற்றையே மறுபடி கட்டினாள்.

இரண்டாவது ஊரில், "அவ வேகத்துக்கு நடடா. நீ பாட்டுக்கு ரயில் மாதிரி போயிடாதே. கட்டிக்கிட்டவளா, கூட வர்ற பெட்டியா அவ?" என்றாள் அம்மா. அன்று முழுக்க அவன் முன்னால்தான் போயிருந்தான். சிரித்துச் சிரித்துப் பதில் பேசி அனுப்பினான். "அம்மா கேட்டாங்க" என்று அக்காவிடமிருந்து இரண்டே சொல் வந்தது. அக்கா எப்போதும் இப்படிச் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை. வேலையாக இருப்பாள் என்று விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் வழியில் ஓர் ஆறு கடலில் கலந்தது. பாலம் இல்லை. கரையில் ஒரு கம்பத்தில் பலகை ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை. வெள்ளையை அக்கரை பார்க்கத் திருப்பினால் படகுக்காரர் வருவார். அவன் திருப்பினான். அக்கரையில் படகுக்காரர் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"தண்ணி வடிஞ்சிருச்சு! சேத்துல மாட்டிக்கும்! காலையில வாங்க!"

கொப்புளக் காலோடு தாமதமாக வந்ததற்குக் கிடைத்த கூலி. நொண்டிக்கொண்டே வந்த ஊருக்கே திரும்பினார்கள். டீக்கடை அம்மா அவர்களைப் பார்த்ததும் சிரித்தாள். "என்ன, என் டீயை விட்டுப் போக மனசு வரலையா?"

டீ வந்தது. கூடவே போனில் அம்மாவின் குரலும்.

"என்னடா, படகு ஏறி அக்கரைக்குப் போயாச்சா? பயந்தியா? வாளித் தண்ணியைப் பாத்தே அழுத பயதானே நீ. அவ கையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே உக்காந்த?"

அவன் சிரித்தான். பாதியில் சிரிப்பு நின்றது.

படகில் ஏறவில்லையே.

மறுபடி போட்டான். முதல் ஊர்க் குரலைப் போட்டான், இரண்டாவதைப் போட்டான். மூன்றிலும் பின்னால் ஒரே குழாய் ஒரே மாதிரிச் சொட்டியது. மூன்றிலும் அம்மாவுக்கு அதே மூச்சிரைப்பு. மனைவியைப் பார்த்தான். அவள் டீயைத் தொடவே இல்லை.

"உனக்குத் தெரியும், இல்ல?"

"அத்தை சத்தியம் வாங்கிட்டாங்கங்க." அவள் குரல் உடைந்தது. "வயித்துல கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணணும்னாங்களாம். 'அவனால வர முடியாது, தெரிஞ்சா அங்கயே உக்காந்து துடிப்பான், ரெண்டு நாள் காத்து வாங்கட்டும்'னு சொன்னாங்க. ஒரே உக்காருல எல்லா ஊருக்கும் பேசி உங்க அக்காகிட்டக் குடுத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க."

"இப்ப?"

"ஆபரேஷன் முடிஞ்சும் நேத்து வரைக்கும் கண்ணு முழிக்கல."

அவன் அக்காவைக் கூப்பிட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நாங்க படகு ஏறல. இன்னைக்குப் படகு வரல."

அந்தப் பக்கம் ஓர் அழுகை வெடித்தது. "மத்தியானமே போயிட்டாங்கடா தம்பி. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அம்மா சொன்னது சொன்னபடி அனுப்பி வச்சேன். வேற என்ன செய்யன்னு தெரியலடா."

டீக்கடை அம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"உனக்காக அம்மாவை எவ்வளவு நேரம் வைக்கட்டும்? எல்லாரும் கேக்குறாங்க" என்றாள் அக்கா.

"வைக்காதீங்க. நாளைக்கில்ல, அடுத்த மாசம்கூட என்னால வர முடியாது." இதைச் சொல்ல அவனுக்கு அழுகைகூட வரவில்லை. அலுவலக ஜன்னலில் கேட்டுக் கேட்டுப் பழகிய வாக்கியம் போல வந்தது.

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இன்னும் ஒண்ணு இருக்குடா. கடைசி ஊருக்குப் பேசினது. அனுப்பவா?"

அவன் கடலைப் பார்த்தான்.

"வேண்டாம்க்கா. நாங்க இன்னும் அங்க போகல."

காலையில் ஆறு கரை முட்ட நிறைந்திருந்தது. பலகையைத் திருப்பாமலே, நேற்றைய வாக்கை நினைவு வைத்துப் படகுக்காரர் இக்கரைக்கு வந்து நின்றார்.

"வாங்க வாங்க! நேத்தைக்கும் சேத்து இன்னைக்குத் தண்ணி!"

அக்கரைக்குப் போனால் கடைசி ஊரும் வந்துவிடும், அம்மாவின் பேச்சும் முடிந்துவிடும். அவன் கம்பத்தருகே போனான். நேற்றிலிருந்து வெள்ளையாகவே நின்றிருந்த பலகையைக் கறுப்பாகத் திருப்பினான். பையை மாட்டிக்கொண்டு வந்த வழியே நடந்தான்.

"எங்கங்க போறோம்?" என்றாள் மனைவி, பின்னாலேயே ஓடி வந்து.

திரும்பிப் போவதற்கும் ஓர் இடம் வேண்டுமே. ஆனால் அவள் எட்டிப் பிடிக்கும்வரை நின்றான். பிறகு அவள் வேகத்துக்கு நடந்தான்.

படகுக்காரர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆளில்லாத படகை அக்கரைக்குத் தள்ளினார்.