இருநூற்றுப் பன்னிரண்டு சட்டைகள்

எங்கள் பள்ளியில் காலை மணி ஒன்பது அடி. ஒன்பதாவது அடியில் சீருடைச் சட்டைகள் எங்கிருந்தாலும் பிரார்த்தனைக்கு வந்துவிடும், உள்ளே பிள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். துணிக்கொடியில் சிக்கிப் பிந்தி வரும் சட்டையை வெளியே நிறுத்துவோம். மணி அடிப்பது நான். முப்பத்தொரு வருடத்தில் ஒருநாளும் பிந்தியதில்லை.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சட்டைகளைச் சேர்த்துத் தைத்துத்தான் வெப்பக்காற்று பலூன் செய்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு சட்டை. ஆறு வீதம் ஆயிரத்து இருநூற்று எழுபத்திரண்டு பித்தான் இருக்க வேண்டும்; ஏழு குறைந்தது. சூடு வெளியே போய்விடும் என்று ஏழையும் நானே தைத்தேன். உச்சியில் ஒரு சட்டை அளவுக்கு ஓட்டை மிஞ்சியது. என் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டேன்.

பறக்கப்போவது இசக்கியம்மாள். அவள் அம்மாவுக்கு ஆற்றுக்கு அக்கரையில் அரிசி மில்லில், நெல் காயப்போடும் களத்தில் வேலை. கல்லூரி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்துக்கொண்டிருந்தவள் கடைசியில், "நீ படிச்ச படிப்பு உன்னைய இந்தக் களத்துல கொண்டாந்து இறக்கட்டும், போடுதேன்" என்று சொல்லிவிட்டாளாம். பறக்கும் நாளுக்கு மறுநாள்தான் விண்ணப்பம் அனுப்பக் கடைசி.

காற்று அக்கரைப் பக்கம் திரும்புவது ஒன்பது மணிக்கு. ஆற்றைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம். பள்ளி மணியோ ஒன்பது இருபதுக்கு.

"அண்ணாச்சி, ரெண்டே நிமிசம் பிந்தி அடிங்க. எனக்கு நீச்சல் தெரியாது" என்றாள் இசக்கி.

"நேரத்த மாத்த முடியாதும்மா" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "நீ ஏறு."

சாப்பாட்டுத் தூக்கை இறக்கி வை, பாதி கனம் அதுதான் என்று பிள்ளைகள் கேலி செய்தார்கள். அவள் இறக்கவில்லை. ஒன்பதுக்குக் கயிறு அவிழ்த்தார்கள்.

ஒன்பது இருபதுக்கு முதல் அடி அடித்தேன். தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். பதினைந்து எண்ணி இரண்டாவது அடித்தேன். ஒன்பது அடிக்கு நடுவில் எட்டு இடைவெளி. எட்டுப் பதினைந்து நூற்றிருபது விநாடி. இடைவெளி எவ்வளவு என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. எட்டாவது அடிக்குக் கூடை களத்துக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இருந்தது. பதினைந்து எண்ணினேன். கூடை தரையில் உட்கார்ந்தது. ஒன்பதாவது அடித்தேன்.

தையலைப் பிரித்துக்கொண்டு இருநூற்றுப் பன்னிரண்டும் ஆற்றைத் தாண்டி வந்து வரிசையில் நின்றன. என் காக்கி வரவில்லை. அதற்கு மணி கேட்டு வந்து பழக்கமில்லை, அடித்துத்தான் பழக்கம். சற்றுநேரத்தில் அக்கரையில் மில் மணி கேட்டது. எண்ணினேன். ஒன்பது. இடைவெளி பதினைந்து.

நாலரை பஸ்ஸில் இசக்கி வந்து கையெழுத்தைக் காட்டினாள். கடைசி எழுத்து கொஞ்சம் இழுத்திருந்தது. மணி கேட்டதும் மில்லில் நெல் மூட்டைகள் உயர வரிசைப்படி போய் நின்றனவாம். ஒன்று மட்டும் பிந்திவிட்டதாம். அதன்மேல் தாளை வைத்துத்தான் அம்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

என் சட்டை அதை வெளியே நிறுத்தியிருக்கிறது.