கார்னெல் நிற்கும்வரை

“தம்பியை ஒத்துக்கச் சொல்லும்மா! ‘திருடினேன்’னு ஒரு வார்த்தை சொன்னா இன்னிக்கே வீட்டுக்கு—”

“செய்யாததையா ஒலீட்டா? அவன் எப்படி—”

“எட்டு மாசமா ஜெயில்ல கிடக்கான்! மாட்டேன்னா பத்து வருஷமாம், வக்கீலே சொல்றார்!”

“இவனைப் பிடிச்ச அதே கார்ல பக்கத்துல உக்காந்திருந்த வெள்ளைக்காரப் பையனை அன்னிக்கே அனுப்பிட்டாங்களே, அவன் எதை ஒத்துக்கிட்டானாம்?”

அலபாமா நீதிமன்றத் தாழ்வாரத்தில் நானும் என் மகளும் கத்திக்கொண்டிருக்கும்போதே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். எங்கள் கறுப்பர் தேவாலயச் சபையார் முப்பது பேர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போடும் தொப்பிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

என் மகன் கார்னெல் கைவிலங்கோடு எழுந்தான்.

“குத்தத்தை ஒத்துக்கிறியா?” என்றார் நீதிபதி.

“இல்லைங்க ஐயா. நான் திருடலை.”

எங்கள் சபையில் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தால் மற்றவர்களும் கூடவே எழுந்து நிற்போம். அவர் உட்காரும்வரை யாரும் உட்கார மாட்டோம். நான் எழுவதற்குள் ஒலீட்டா எழுந்துவிட்டாள். பின்னாலேயே எல்லா பெஞ்சுகளும் கிறீச்சிட்டன.

“எல்லாரும் உக்காருங்க!” நீதிபதி சுத்தியலைத் தட்டினார்.

ஒலீட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“என் தம்பி நிக்கிறானே ஐயா. அவன் உக்காரட்டும், நாங்களும் உக்காருறோம்.”