முள்ளிக்குளத்து பஸ்

சேர்வைப்பட்டிக்கு முதன்முதலாக டவுன் பஸ் வந்த ஆவணி மாதத்துக் காலையில், வள்ளித்தாய் ஆரத்தித் தட்டில் சூடத்தை வைத்துக்கொண்டு, காற்றுக்கு முந்தானையால் அணைகட்டி நின்றாள். வருஷக்கணக்காக மனு எழுதி அலைந்த கோபாலசாமி வெள்ளை வேட்டியும் கையில் தேங்காயுமாக ஊருக்கு முன்னால் நின்றார். வண்டி நின்றதுமே வள்ளித்தாயின் மகள் செல்வமாரி பள்ளிக்கூடப் பையோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். கோவில்பட்டியில் பதினொன்றாம் வகுப்பு. இதுவரை உடைமரக் காட்டு வழியே மெயின்ரோட்டுக்கு நடந்துதான் பஸ் பிடித்தாள். போன மாதம் குடிகாரன் ஒருவன் அவளைத் துரத்தியதிலிருந்து தகப்பன் வெயிலுமுத்துவுக்கு ஒரே பேச்சுதான். “பஸ் வந்தா படிக்கட்டும். இல்லன்னா உன்கூட தீப்பெட்டி ஆபீசுக்கு வரட்டும்.”

கேட்ட வரத்தை அம்மன் கொடுத்துவிட்டாள் என்று வள்ளித்தாய் விடியற்காலையிலேயே விளக்குப் போட்டுக் கும்பிட்டிருந்தாள்.

கண்டக்டர் இளவட்டம். சந்தனத்தை நெற்றியில் அப்பிக்கொண்டு சிரித்தான். “உங்க ஊருக்கு யோகம்தான் அண்ணாச்சி. முள்ளிக்குளத்து டிரிப்ப அப்படியே தூக்கி உங்களுக்குக் குடுத்துட்டாவ.”

சூடத்தைக் கொளுத்தப்போன வள்ளித்தாயின் கை நின்றது. “அப்ப முள்ளிக்குளத்துக்கு?”

“அங்கன ஏறுறதுக்கே ஆளு இல்லியாம் மதினி. ஆபீசர் ஒரு வாரம் கூடவே போயி எண்ணிப் பாத்திருக்காரு. வண்டி காலியா போயி காலியா வந்திருக்கு.”

“எந்த வாரத்துல எண்ணுனாவ?”

“ஆடி கடைசியில.”

தீப்பெட்டி ஆபீசில் வள்ளித்தாயோடு உட்கார்ந்து லேபிள் ஒட்டுகிறவள் முள்ளிக்குளத்துச் சுடலையம்மாள். ஆடிக் கடைசியில் அவளுடைய இடம் காலியாகக் கிடந்தது. அந்த ஊரில் அம்மன் கோயில் திருவிழாவான கொடைக்குக் காப்புக் கட்டிவிட்டால், கொடை முடியும்வரை குஞ்சு குளுவான்கூட ஊர் எல்லையைத் தாண்டாது. கூலி போனாலும் சரி, முதலாளி வைதாலும் சரி. கொடை முடிந்து வந்தவள் இலையில் பொதிந்த மாவிளக்கை முதலில் வள்ளித்தாயின் கையில்தான் வைத்தாள். “ஒம் மகளுக்குக் குடுட்டி. நல்லாப் படிக்கட்டும்” என்றாள்.

“ஏட்டி, சூடத்தக் கொளுத்து. நல்ல நேரம் போவுது” என்றார் கோபாலசாமி.

அவள் தட்டைத் தரையில் வைத்தாள். “கொளுத்த மாட்டேன் அண்ணாச்சி. அது கொடை வாரம். சாமிக்குக் காப்புக் கட்டி ஊருக்குள்ள இருந்தவியள, ஆளே இல்லன்னு எழுதிட்டாவ. அவிய வயித்துல அடிச்சி வந்த வண்டிக்கு நான் சூடம் காட்டுனா ஆத்தா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“நாம என்ன களவா எடுத்தோம்? கெவருமெண்டு குடுத்தது.”

“அந்த ஊருக்கும் நம்ம ஊருக்கும் மூணு மைலு. அங்கன போயிட்டு இங்கன வரட்டுமே.”

கோபாலசாமி குரலைத் தணித்தார். “கூடக்கொஞ்சம் பேசுனா இதையும் டவுனுக்கே எடுத்துக்கிடுவாவ. அப்புறம் ஒம் மக தீப்பெட்டிதான் ஒட்டணும். யோசிச்சிக்க.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள். செல்வமாரி கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடைமரக் காட்டின் முள்ளும், அன்று மூச்சிரைக்க ஓடிவந்த மகளின் கிழிந்த தாவணியும் வள்ளித்தாயின் கண்ணுக்குள் வந்தன. எல்லாம் தெரிந்துதான் குரலை உயர்த்தினாள்.

“எடுக்கட்டும் பாப்போம்! டவுனுக்குள்ள ஸ்டேஷனுக்கும் பஸ்ஸ்டாண்டுக்கும் ஒண்ணு பின்னால ஒண்ணா வண்டி காத்து வாங்கிட்டுப் போவுதே, அத யாரு எண்ணுனா? அதுல ஒரு டிரிப்பக் கொறைச்சா என்ன கொறைஞ்சிரும்? இல்லாதவகிட்ட புடுங்கித்தான் இல்லாதவளுக்குக் குடுக்கணுமோ?”

“அம்மா, நான் எறங்கட்டா?” என்றாள் செல்வமாரி.

“எறங்காத. எடத்தப் பிடிச்சிக்கிட்டு இரி. வண்டி போவும். முள்ளிக்குளம் போயிட்டுப் போவும்.”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு முன்னால் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். “கெடச்சத கெடுக்காளே மூதேவி” என்று பின்னால் ஒரு குரல். சிரிப்பு. கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்தான்.

டிரைவர் சங்கரபாண்டி நரைத்த மீசைக்காரர். இறங்கிவந்து அவள் எதிரே நின்றார். “ஆர்டர் இல்லாம வண்டிய அங்கன திருப்ப எனக்கு அதிகாரம் கெடையாது தாயி.” காலால் சரளைக் கற்களைத் தள்ளினார். “ஆளு உக்காந்திருக்கையில வண்டிய எடுக்கவும் அதிகாரம் கெடையாது. மேல கேப்பாவ. நடந்தத அப்படியே சொல்லுதேன். கொடை வாரம்னும் சொல்லுதேன்.” ஏறிப்போய் இன்ஜினை அணைத்தார்.

இன்ஜின் ஓய்ந்ததும் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற இரண்டு பெண்கள் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து, வள்ளித்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கோபாலசாமி வெயிலில் நின்றபடி தேங்காயைக் கை மாற்றிக்கொண்டிருந்தார்.

உழுதுபோட்டு மழைக்குக் காத்துக்கிடந்த கரிசல், வடக்கே கண்ணுக்கெட்டிய மட்டும் கறுப்பாக விரிந்திருந்தது. அதன் ஊடே, முள்ளிக்குளத்து வண்டிப்பாதையில், சேலைகள் காற்றில் படபடக்க ஒரு வரிசை வந்துகொண்டிருந்தது. பஸ் நின்றுபோனதால் வேலைக்கு நடந்தே வருகிறவர்கள்; கையில் சோற்றுத் தூக்குவாளிகள். முன்னால் சுடலையம்மாள். நேற்றுவரை தங்களுடையதாக இருந்த பஸ்ஸையும் அதன் முகத்தில் தொங்கும் மாலையையும் பார்த்ததும் அவள் நடை மட்டுப்பட்டது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

வள்ளித்தாய் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் சரளைக் கற்களைக் கையால் ஒதுக்கி இடம் பண்ணினாள்.