கட்டைவிரல் விழுங்கிய வசவு

இடது ஓரத்தில் விரலை வைத்து உள்ளே இழுத்தால் போதும், முந்தைய பக்கம் வந்துவிடும். திரையில் பொத்தானே வேண்டாம். கைபேசி உலாவிக்குச் சுன்னிவா யோசித்த வழி இது. "கை தவறிப் பட்டா என்ன பண்ணுவே?" என்று கூட வேலை பார்க்கும் ஐவின்ட் நச்சரித்துக்கொண்டே இருந்தான். அவன் வாயை அடைக்கத்தான் அவனையும் இழுத்துக்கொண்டு ஒஸ்லோ துறையில், எதிர்க்கரை நெசோடனுக்குப் போகும் படகில் ஏறினாள். வேலை முடிந்து வீடு திரும்பும் கூட்டம். சோதித்துப் பார்க்க ஆளுக்கா பஞ்சம்?

முதலில் சிக்கியவர் ஓட்வார் என்ற பெரியவர். ஒரு கையில் பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள். "உங்களுக்கு வேண்டியதைப் பண்ணுங்க, நாங்க சும்மா பார்த்துட்டிருப்போம்" என்று சோதனைக் கைபேசியை நீட்டினாள். மனிதர் தங்கள் தெருக்காரர்களின் இணையப் பக்கத்தைத் திறந்து, ஒற்றைக் கட்டைவிரலால் ஆவேசமாகத் தட்ட ஆரம்பித்தார். படகு லேசாகக் குலுங்கியது. விரல் ஓரத்தை உரசியது. எழுதியது அத்தனையும் மாயம்.

"ஏம்மா! எங்கம்மா போச்சு?"

ஐவின்ட் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினான். சுன்னிவாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க சொல்லுங்க, நானே மறுபடி அடிச்சுத் தர்றேன்."

சொன்னார். காது மந்தமோ என்னவோ, படகு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "எதிர்வீட்டு போர்கில்ட்! உன் வாசல் பனியை என் வாசல்ல தள்றியே, வெட்கமா இல்ல? இந்தக் குளிர்காலம் பூரா..."

"யாருக்கு வெட்கமில்ல?" பின்வரிசையில் ஒரு பெண்மணி எழுந்தார். சாட்சாத் போர்கில்டேதான். "தள்றது நான் இல்ல, தெருப் பனியை வாரி ஒதுக்கிட்டுப் போற வண்டிக்காரன். முதுகு பிடிச்சுக்கிட்டு நான் வாசல் பக்கமே போறதில்ல."

"அப்ப முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"பார்க்கிறப்பெல்லாம் முகத்தைத் திருப்பிக்கிட்டா யார்கிட்டச் சொல்றது?"

ஓட்வார் வாஃபிளைப் பார்த்தார். பிறகு பாதியைப் பிய்த்து நீட்டினார். அந்தம்மா வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கரை சேரும்வரை இருவரும் சேர்ந்து பனி வண்டிக்காரனைத் திட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள் காலை சுன்னிவா முதல் வேலையாகத் தன் வடிவமைப்பைத் திருத்தினாள். ஓர இழுப்பு இருக்கும். ஆனால் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கம் நழுவினாலும், திரும்பி வந்தால் எழுத்து அப்படியே காத்திருக்கும்.

ஐவின்ட் எட்டிப் பார்த்தான். "நேத்தே இப்படி இருந்திருந்தா அவங்க ரெண்டு பேரும் பேசியிருக்கவே மாட்டாங்க, தெரியுமா?"

"அதுக்காக? ஒவ்வொரு ஃபோனுக்கும் பின்சீட்டுல ஒரு போர்கில்டை உட்கார வைக்க முடியுமாடா? போய்க் காப்பி எடுத்துட்டு வா."